பால்சுறாவின் ஒன்பதாம் நரம்பு

கிழக்குத் தாம்பரத்தில் யூனிஸைத் தெரியாதவர்கள் இருக்கலாம். 1967-ஆம் வருஷம் அவள் விலங்கியல் பரீட்சையில் தோற்றதைத் தெரியாதவர்கள் கிடையாது. தோற்றதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நாலு நாள் பேசிவிட்டு ஐந்தாம் நாள் மறந்திருப்பார்கள். ஊர் என்றால் அப்படித்தான். இவர்களோ மறைக்கப் போனார்கள். மறைத்த மறைப்பில் வீட்டில் ஒரு குழந்தையே பிறந்துவிட்டது.

தகப்பனார் தேவானந்தம் ரயில்வேயில் குமாஸ்தா. சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூட இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொல்லும் மனிதர். தாயார் ரத்தினபாய் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளியின் தலைமை ஆசிரியை. அவர் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகள் பெயிலாகிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு வருஷத்தையும் ரத்தினபாய் சங்கிலி மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவார். மகள் பி.எஸ்சி. விலங்கியலில் சேர்ந்தபோது யாராவது, “அது என்ன படிப்பு டீச்சர்?” என்று கேட்டால், “டாக்டர் படிப்பு மாதிரிதான். மனுஷன் மட்டும் கிடையாது” என்று விளக்கம் சொல்வார்.

யூனிஸ் தினமும் காலை மின்சார ரயிலேறி நகரத்தில் இருந்த பெண்கள் கல்லூரிக்குப் போய் வந்தாள். போகும்போது பவுடர் வாசம், வரும்போது செத்த தவளை ஊறும் பார்மலின் வாசம். மாலையில் அவள் பெண்கள் பெட்டியில் ஏறினால் பக்கத்தில் ஒருவரும் உட்கார மாட்டார்கள். கூட்ட நேரத்திலும் அவளுக்கு ஜன்னலோர இடம் நிச்சயம். அதைப் படிப்பினால் கிடைத்த மரியாதை என்றே அவள் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அந்தப் படிப்பின்மேல் ஆசையென்றால் அப்படியோர் ஆசை. ஒரு தவளைக்குள் இவ்வளவு ஒழுங்காக எல்லாம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை முதல்முதலாகப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறாள். படம் வரைவதிலும் கெட்டிக்காரி. அவள் கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளை வரைந்தால் கரப்பான்பூச்சியே வந்து சரிபார்த்துவிட்டுப் போகலாம். வகுப்பில் இருந்த பதினெட்டுப் பெண்களில் பாதிப் பேருடைய ரெக்கார்டு நோட்டில் யூனிஸின் பென்சில்தான் இருந்தது.

வினை அங்கேதான் ஆரம்பம். ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேருக்கு ஒரு மீன், ஒரு தவளை. யூனிஸின் ஜோடி தபீதாள். “நீ வரை, நான் வெட்டறேன்” என்று முதல் நாளே தபீதாள் வேலையைப் பங்குபோட்டாள். யூனிஸுக்கும் அது வசதியாகவே பட்டது. மூன்று வருஷம் ஒருத்தி வெட்டினாள், ஒருத்தி வரைந்தாள். பல்கலைக்கழகப் பரீட்சையில் ஆளுக்கொரு மேஜை, ஆளுக்கொரு சுறா என்பது இருவருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் தபீதாளுக்கு யூனிஸைப் பார்த்துப் பார்த்துப் படம் கொஞ்சம் வந்திருந்தது. யூனிஸுக்குத் தபீதாளைப் பார்த்துப் பார்த்து வெட்ட வரவில்லை.

சுறாவின் தலையைத் திறந்து மூளையிலிருந்து போகும் நரம்புகளில் நான்கைக் காட்ட வேண்டும். ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது, பத்தாவது. ஒவ்வொன்றுக்கும் அடியில் கறுப்புக் காகிதத் துண்டைச் செருகி, வெள்ளை நரம்பு பளிச்சென்று தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். மற்ற மூன்றும் கொஞ்சம் தடி. ஒன்பதாவது மட்டும் காதுப் பக்கத்துக் குருத்தெலும்புக்குள் தையல் நூல் மாதிரி ஒளிந்துகொண்டு போகும். ஏப்ரல் மாதப் பரீட்சையில் யூனிஸின் கை நடுங்கியது. பிளேடு வழுக்கியது. பதற்றத்தில் அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். பக்கத்தில் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு நான்கு நரம்புகளையும் அற்புதமாக வரைந்தாள்.

பரீட்சகர் வந்து படத்தைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

“படத்தில இருக்கிற ஒன்பதாவது நரம்பு மீன்ல எங்கேம்மா?”

“பிளேடில ஒட்டியிருக்கு சார்” என்றாள் யூனிஸ். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

ஜூன் மாதம் முடிவு வந்தது. எழுத்தில் முதல் வகுப்பு மதிப்பெண், செய்முறையில் பெயில். கல்லூரித் துறைத் தலைவி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “அக்டோபர்ல திரும்ப எழுது. டிசம்பர்ல ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் இடம் காலியாகுது. நீ பாஸ் பண்ணினா உனக்குத்தான். இல்லேன்னா என்னால காத்திருக்க முடியாது” என்றார். ஆய்வுக்கூடத்தில் மாணவிகளுக்குச் செய்துகாட்டிச் சொல்லித்தரும் வேலை. யூனிஸுக்கு அதைவிடப் பெரிய சொர்க்கம் ஒன்று இருக்க முடியாது.

வீட்டில் ரத்தினபாய் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, ஆசிரியப் பயிற்சிக்கான விண்ணப்பத்தை வாங்கி வந்து தன் வேதாகமத்துக்குள் மடித்து வைத்தார். “அக்டோபர்ல பாஸ் பண்ணினா உன் தவளை, உன் மீன். இல்லேன்னா ட்ரெய்னிங் ஸ்கூல். ஒண்ணாங்கிளாசுக்கு அ, ஆ சொல்லிக்கொடு. பேச்சு முடிஞ்சது.” இரண்டாவது, கேட்டவர்களிடமெல்லாம், “ரிசல்ட்டை நிறுத்தி வச்சிருக்காங்க” என்று சொன்னார்.

நிறுத்தி வைத்த ரிசல்ட்டை எத்தனை நாள் நிறுத்த முடியும்? பள்ளியில் உதவி ஆசிரியைகள் தினமும் கேட்டார்கள். ரத்தினபாய் மூட்டுவலி என்று மருத்துவ விடுப்பு எடுத்தார். தாம்பரத்துக் கோயிலில் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார்கள். பல்லாவரத்துக் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். கடைக்குப் போவதை நிறுத்தினார். இயல்பிலேயே பூசின உடம்பு, இரண்டு மாதம் வீட்டோடு உட்கார்ந்ததில் இன்னும் கொஞ்சம் பூரித்தது.

யூனிஸுக்குச் சுறா தேவைப்பட்டது. கல்லூரியில் புது வகுப்புக்கே மீன் போதவில்லை. ஆகவே அவள் அங்காளம்மாளைப் பிடித்தாள். அங்காளம்மாள் கோவளத்துக் குப்பத்துக்காரி. புதனும் சனியும் முதல் பஸ்ஸில் கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரம் வந்து தெருத்தெருவாக மீன் விற்பவள். குரல் ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும். அம்மா காதில் விழாமல் தெருக்கோடியில் போய் நின்று யூனிஸ் அவளை மடக்கினாள்.

“அங்காளம்மா, எனக்குக் குட்டிச் சுறா வேணும். புதன் ஒண்ணு, சனிக்கிழமை ஒண்ணு.”

“பால்சுறாவா பாப்பா?”

“ஆமா. முழுசா வேணும். தலை நசுங்கக் கூடாது.”

“ஆருக்கு?”

“வீட்டுக்குத்தான். யார்கிட்டேயும் சொல்லிடாதீங்க. அம்மா வெளியில தலைகாட்ட முடியாம உட்கார்ந்திருக்காங்க.”

அங்காளம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “நான் இன்னாத்துக்குச் சொல்றேன். நீ கவலப்படாத போ” என்றாள்.

இந்த இடத்தில் யூனிஸின் தலையில் ஒரு குட்டு வைத்தால் தேவலை. பால்சுறாவை எதற்கு வாங்குவார்கள் என்று அந்தக் கடற்கரையில் பல் முளைக்காத குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்காகச் சுறாவை வேகவைத்து உதிர்த்துப் பூண்டு தட்டிப் போட்டுப் புட்டுச் செய்து கொடுப்பார்கள். பச்சை உடம்புக்காரி இருக்கிற வீட்டில்தான் வாரத்துக்கு இரண்டு பால்சுறா கேட்பார்கள். யூனிஸ் வீட்டில் வஞ்சிரத்துக்குக் கீழே இறங்கி மீன் வாங்கிய வழக்கமில்லை. அவளுக்குச் சுறா என்பது ‘ஸ்கோலியோடான்’. பாடத்திட்டத்தில் வரும், மெழுகுத் தட்டில் படுத்திருக்கும், அவ்வளவுதான்.

அங்காளம்மாள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். அந்த வீட்டில் பெண்கள் இரண்டே பேர். பெண்ணோ ஒட்டடைக்குச்சி, தெருக்கோடி வரைக்கும் ஓடி வருகிறவள். அம்மாவோ இரண்டு மாதமாக வெளியே வரவில்லை, வேலைக்குப் போகவில்லை, உடம்பும் பூரித்திருக்கிறது, வெட்கப்படுகிறாள் என்று மகளே சொல்கிறாள். நாற்பத்தேழு வயதில் என்றால் யாருக்கும் வெட்கம் வரத்தானே செய்யும்? அங்காளம்மாளுக்குப் பாவமாகப் போயிற்று. அந்த வயதில் பால் ஊறுவதும் கஷ்டம். வலையில் வந்த பால்சுறாவில் நல்லதாகப் பொறுக்கி, வழியில் யார் கேட்டாலும் கொடுக்காமல், ஈரச் சாக்குத் துணியில் சுற்றிக் கூடைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள்.

“பூண்டு நெறையப் போடச் சொல்லு பாப்பா” என்பாள் ஒவ்வொரு முறையும். மீன்காரி என்றால் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பாள் என்று யூனிஸ் தலையாட்டிவிட்டுப் போவாள்.

பின்கட்டுக் கொய்யா மரத்தடியில் ஒரு பலகை, ஒரு வாளி, ஆரஞ்சு ஸ்குவாஷ் பாட்டிலில் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த பார்மலின். இதுதான் யூனிஸின் ஆய்வுக்கூடம். மீனைப் பார்மலினில் ஊறப்போட்டுவிட்டு மூன்று நாள் வைத்து ஆற அமர வெட்டுவாள். வெட்டிக் கெடுப்பாள். கெட்டதை மரத்தடியில் புதைப்பாள். “நான் கட்டற புடவையெல்லாம் மீன் நாத்தம்” என்று ரத்தினபாய் சமையலறையிலிருந்து சொல்வார். தேவானந்தம் இரண்டு நாள் யோசித்துவிட்டு, “ஆமா, கொஞ்சம் வருது” என்பார். ஏழு சுறாக்கள் போய்ச் சேர்ந்தன. ஏழிலும் ஒன்பதாவது நரம்பு அறுந்தது. அந்த வருஷம் கொய்யா அமோகமாகக் காய்த்தது, ஒருவரும் தொடவில்லை.

நாலு வாரம் அங்காளம்மாள் வாயைத் திறக்கவில்லை. அதற்குமேல் விதி ஜெயசீலி அம்மாள் உருவத்தில் வந்தது. ஜெயசீலி, குருவானவரின் மனைவி. சபையில் எல்லோருக்கும் ஐயரம்மா. அவருடைய தங்கை மகளுக்குப் பிரசவமாகியிருந்தது. கூடையில் சாக்குத் துணியை விலக்கிப் பார்த்து, “இந்தப் பால்சுறாவைக் கொடு” என்றார்.

“அது குடுக்கறதுக்கில்லம்மா. டீச்சரம்மா வூட்டுக்கு எட்த்துக்கினு போறேன்.”

“எந்த டீச்சர்? ரத்தினபாய் டீச்சரா? அங்கே யாருக்கு?”

அங்காளம்மாள் வானத்தைப் பார்த்தாள். ஐயரம்மாவுக்கு அது போதும்.

அன்று சனிக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு மாதர் சங்கத்திலிருந்து நாலு பேர் தேவானந்தம் வீட்டு வாசலில் நின்றார்கள். ஐயரம்மா கையில் ஒரு பை. தேவானந்தம் எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டு, பெண்கள் எதற்கு வந்தார்கள் என்று கேட்கிற வழக்கம் இல்லாததால், செய்தித்தாளோடு வாசற்படிக்கு நகர்ந்தார். ரத்தினபாய் வெளியே வந்தார். வந்தவர்களின் முகத்தைப் பார்த்ததுமே, மகள் தோற்றது இவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று முடிவு கட்டினார்.

“எங்ககிட்டே ஏன் அக்கா மறைச்சீங்க? சுறாவைப் பார்த்துத்தானா நாங்க தெரிஞ்சுக்கணும்?” என்று ஐயரம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

ரத்தினபாய்க்குக் கண் கலங்கியது. “வெட்கமா இருந்துச்சு ஜெயசீலி.”

“இதுல என்ன வெட்கம்? சாராளை நினைச்சுப் பாருங்க. தொண்ணூறு வயசு.”

சாராள் எந்தப் பரீட்சையில் பெயிலானாள் என்று ரத்தினபாய் யோசித்தார். ஆதியாகமம் முழுக்க மனசுக்குள் புரட்டியும் கிடைக்கவில்லை. அதற்குள் ஐயரம்மா பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். கிரைப் வாட்டர் ஒரு பாட்டில். கடுகு நிரப்பிய சின்னத் தலையணை. மஞ்சள் கம்பளி நூலில் பின்னிய குல்லாய், உள்ளங்கை அளவு.

குல்லாயைப் பார்த்ததும்தான், தொண்ணூறு வயதில் பிள்ளை பெற்ற சாராள் விளங்கினாள்.

இப்போது ரத்தினபாயின் நிலைமையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். குழந்தை இல்லை என்று சொல்லலாம். சொன்னால், பின்னே சுறா எதற்கு என்பார்கள். கோயிலுக்கு ஏன் வரவில்லை, வேலைக்கு ஏன் போகவில்லை என்பார்கள். மகள் பெயில் என்று சொல்ல வேண்டும். பதினோரு வருஷத்துச் சங்கிலியை நாலு பேர் முன்னால் கழற்றி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் நாற்பத்தேழு வயதில் ஒரு கைக்குழந்தைக்குத் தாய். அவர் இரண்டையும் எடைபோட்டார். நம்ப மாட்டீர்கள், ஒரு நிமிஷத்துக்கு மேல் எடைபோட்டார்.

“தூங்கறானா? சரி, எழுப்ப வேண்டாம். ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பறோம்” என்று ஐயரம்மா கண்ணை மூடினார். நாலு முக்காடுகளும் தாழ்ந்தன. “இரக்கமுள்ள ஆண்டவரே, முதிர்ந்த வயதிலே இந்தக் குடும்பத்துக்கு நீர் தந்தருளின இந்தச் சிசுவை…”

பின்கட்டில் யூனிஸ் எட்டாவது சுறாவின் தலையோடு போராடிக்கொண்டிருந்தாள். வேலை அன்று வாய்த்திருந்தது. குருத்தெலும்பைச் சீவச் சீவ, உள்ளே ஒன்பதாவது நரம்பு முழுசாகத் தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு கறுப்புக் காகிதத்தை அடியில் செருகினாள். அப்போதுதான் சிசு என்ற வார்த்தை காதில் விழுந்தது. கதவிடுக்கில் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மா தலைகுனிந்து அவள் பார்த்ததே கிடையாது. அவளுக்குத் தன்னால்தான் இது என்று தெரிந்தது.

பலகையோடு சுறாவைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“ஆன்ட்டி, குழந்தை ஒண்ணும் இல்ல. நான் பெயில். ப்ராக்டிகல்ல. அக்டோபர்ல திரும்ப எழுதறேன். இந்தச் சுறா அதுக்குத்தான்.”

நாலு பேரும் கண்ணைத் திறந்தார்கள். தலை பிளந்த ஒரு சுறா அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தர் முந்தானையால் மூக்கைப் பொத்தினார். ஆரம்பித்த ஜெபத்தை ஆமென் சொல்லாமல் விட முடியுமா? ஐயரம்மா முப்பது வருஷ அனுபவசாலி. மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, “…இந்த மகளுடைய கையையும் ஆசீர்வதியும், ஆமென்” என்று முடித்து, குல்லாயை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். கிரைப் வாட்டரை மறந்துவிட்டுப் போனார். அதைப் பிறகு தேவானந்தம் வாயுவுக்குக் குடித்துத் தீர்த்தார்.

அவர்கள் போனதும் ரத்தினபாய் நாற்காலியில் உட்கார்ந்தார். யூனிஸ் திட்டுக்குக் காத்து நின்றாள்.

“அந்த நூல்தான் ஒன்பதாவதா?”

“ஆமாம்மா.”

“அறுக்காம இருக்கே.”

“இன்னிக்குத்தான் முதல்முறை.”

ரத்தினபாய் நிமிர்ந்தார். “எனக்கு இந்த வயசில பிள்ளைன்னு சொன்னதை ஒரே நாள்ல நம்பினாளுங்க. நீ பாஸுன்னு சொன்னா எவளும் நம்ப மாட்டா. பாஸ் பண்ணித் தொலை.” அடுத்த நாள் தாம்பரத்துக் கோயிலில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

வீட்டளவில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் புதன்கிழமை அங்காளம்மாள் சாக்குத் துணி இல்லாமல் வந்தாள். தெருக்கோடியில் நிற்கவில்லை, நேரே வாசலுக்கே வந்தாள். குரல் தணிந்திருந்தது. அவள் கத்தியிருந்தால் யூனிஸுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

“நெசந்தானா? புட்டு பண்லியா? அத்தினி மீனும் எங்க போச்சு?”

யூனிஸ் கொய்யா மரத்தடியைக் காட்டினாள். அங்காளம்மாள் அங்கே போய் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எம் மருமவ முனியம்மா புள்ள பெத்து பதினாறு நாளாவுது. அவளுக்குக் கூட வெக்காம ஒங்கம்மாவுக்குன்னு எட்த்துக்கினு வந்தேன். வயசான உடம்பாச்சேன்னு. பொதச்சிட்டியே பாப்பா.”

“தப்பு என்னுதுதான் அங்காளம்மா.”

“மீனத் துன்றவங்களப் பாத்துகீறேன், வேணான்னு சொல்றவங்களப் பாத்துகீறேன். பொதைக்கறவங்கள இன்னிக்குத்தான் பாக்கறேன்.” கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பரீட்சைக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. யூனிஸுக்கு அன்று சோறு இறங்கவில்லை. சுறா கிடைக்காது என்ற பயம் பாதி. முனியம்மா என்று ஒருத்தி பதினாறு நாளாக இருந்திருக்கிறாள் என்பது மீதிப் பாதி. மறுநாள் காலை பஸ் ஏறிக் கோவளம் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. கைப்பையில் பிளேடும் இடுக்கியும் மட்டும் வழக்கம்போலக் கிடந்தன.

குடிசை வாசலில் அங்காளம்மாள் அரிவாள்மனையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முனியம்மா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கிடைத்த பால்சுறா மூன்று மணலில் கிடந்தன. அங்காளம்மாள் யூனிஸைப் பார்த்தாள், உட்காரச் சொல்லவில்லை. ஒரு மீனை எடுத்தாள். இறக்கைக்குப் பின்னால் ஒரே இழுப்பு. உடம்பைச் சட்டியில் போட்டாள். தலையைத் தூர எறிந்தாள். ஒரு காக்கை இறங்கி வந்தது.

யூனிஸ் காக்கையை முந்திக்கொண்டு ஓடித் தலையை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். கண் இருந்தது, காதுக் குருத்தெலும்பு இருந்தது, செவுள் இருந்தது. பரீட்சையில் கேட்கிற நாலு நரம்பும் அந்த ஒரு சாண் துண்டுக்குள்தான் இருந்தன. மூன்று வருஷம் முழுச் சுறாவைத் தட்டில் பார்த்துப் படம் போட்டவளுக்கு, பாதிச் சுறா போதும் என்று அதுவரைக்கும் தோன்றவே இல்லை.

“அங்காளம்மா, எனக்குத் தலை மட்டும் போதும்.”

அங்காளம்மாள் அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்தாள். “இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? காலேஜுல வேற படிக்கிறியாமே.”

முனியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யூனிஸ் மணலிலேயே உட்கார்ந்து ஒரு மரப்பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தலையைத் திறந்தாள். குப்பத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். காக்கைகளும் கூடின. வெயிலில் தலை கெட்டுக்கொண்டே வந்தது, பார்மலின் கிடையாது, மூன்று நாள் அவகாசம் கிடையாது. அவசரத்தில் கை நடுங்குவதற்கு நேரம் இல்லாமல் போயிற்று.

“அது இன்னாக்கா, நூலு?” என்றாள் முனியம்மா.

“ஒன்பதாவது நரம்பு. நாக்குப் பக்கம் போகுது.”

“நமக்கும் கீதா?”

“உனக்கும் இருக்கு, உன் பிள்ளைக்கும் இருக்கு.”

முனியம்மா குழந்தையின் காதுப் பக்கம் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அன்றே ஒப்பந்தமாயிற்று. உடம்பு பிள்ளை பெற்றவளுக்கு, தலை பரீட்சைக்கு. புதனும் சனியும் அங்காளம்மாள் ஐந்தாறு தலைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டு, “பாப்பா, படிப்பு வந்துகிது” என்று ரயில்வே கேட் வரைக்கும் கேட்கிற மாதிரி கூவினாள். மறைக்க இனி என்ன இருக்கிறது? அத்தனை தலைக்கும் பார்மலின் போதாது, சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். இல்லையென்றால் நாற்றம் தாங்காமல் தெருவே திரண்டு வரும். யூனிஸ் ஒரு தலைக்கு மூன்று மணி நேரம் என்பதிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு வந்தாள்.

அக்டோபரில் அதே பரீட்சகர் வந்தார். மூன்று மணி நேரப் பரீட்சையில் யூனிஸ் ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் கத்தியைக் கீழே வைத்தாள்.

“ட்ரெயினுக்கு அவசரமாம்மா?”

“இல்ல சார். மீன் கெட்டுப் போயிடும்.”

“இது பார்மலின்ல கிடந்த மீன். அடுத்த வருஷம் வரைக்கும் கெடாது” என்று சொல்லிவிட்டு ஊசியால் நரம்புகளைத் தூக்கிப் பார்த்தார். ஒன்பதாவதை இரண்டு முறை தூக்கிப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த படத்தை எடுத்து, “படம்தான் கொஞ்சம் சுமார்” என்றார்.

டிசம்பரில் யூனிஸ் டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனாள். ஆசிரியப் பயிற்சி விண்ணப்பத்தை ரத்தினபாய் கிழிக்கவில்லை, வேதாகமத்தில் ஆதியாகமத்துக்கு நேராக அடையாளத்துக்கு வைத்துக்கொண்டார். யூனிஸின் ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு சட்டம் உண்டு. போன தடவை வரைந்தவள் இந்தத் தடவை வெட்ட வேண்டும். நன்றாகப் படம் போடுகிற பெண்களை அவள் தேடிப் பிடித்துக் கத்தியைக் கையில் கொடுப்பாள். மாணவிகள் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் ‘நைன்த் நெர்வ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும்.

1970-இல் பல்லாவரம் தபாலாபீசில் வேலை பார்த்த ஜீவரத்தினத்தைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர், மூக்கு அவ்வளவாக வேலை செய்யாது. அவளுக்கு அது பெரிய பொருத்தம். ஐந்து வருஷம் குழந்தை இல்லை. கேட்காதவர்கள் இல்லை. அவளும் நாலு பேரைப் போல அழுதாள், டாக்டரிடம் போனாள், சில ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகாமல் இருந்தாள். அப்படி அவள் வராத ஞாயிறுகளில், “உன் அம்மா வழியிலே போகாதே” என்று ஐயரம்மா வீட்டுக்கே வந்து இழுத்துக்கொண்டு போவார்.

1975 ஜூலையில் பெண் பிறந்தது. தாம்பரத்து வீட்டில்தான் பிரசவத்துக்கு வந்து இருந்தாள். ஐயரம்மா வந்தார். பையிலிருந்து மஞ்சள் குல்லாயை எடுத்தார். எட்டு வருஷமாக அலமாரியில் இருந்ததில் பாச்சா உருண்டை வாசம் அடித்தது. “இதைப் போட்டுக்க வர்றதுக்கு இவ்வளவு நாளா?” என்று குழந்தையைக் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையில் மாட்டினார்.

பின்னாலேயே அங்காளம்மாள் வந்தாள். தலையெல்லாம் நரைத்திருந்தது. சாக்குத் துணியை அவிழ்த்தாள். இரண்டு பால்சுறா, வழித்துச் சுத்தம் பண்ணினது. யூனிஸ் படுக்கையிலிருந்தபடியே எட்டிப் பார்த்தாள். எட்டு வருஷப் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“தலை எங்கே அங்காளம்மா?”

“தல பரிச்சைக்கு, உடம்பு புள்ள பெத்தவளுக்கு. நீ போட்ட சட்டந்தான். இப்ப நீ எந்தப் பக்கம் கீற, சொல்லு?”

யூனிஸ் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டும் கலந்து வந்தது. ரத்தினபாய் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். “பூண்டு நெறையப் போடு டீச்சரம்மா” என்று அங்காளம்மாள் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

நூற்றுக்கணக்கான சுறாத் தலைகளைத் திறந்து பார்த்தவள் அன்று மத்தியானம்தான் முதல்முதலாகச் சுறாப்புட்டு சாப்பிட்டாள். தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை. அங்காளம்மாள் எதிரில் உட்கார்ந்து, அவள் விழுங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.